எக்ஸ்ரே க்ளியர், ஆனா ரத்தத்துல பாசிட்டிவ்

மாஸ்டர்ஸ் படிக்க இங்கிலாந்து போன எங்க சீனியர் அண்ணா ஒருத்தர், போன நாலாவது மாசம் ராத்திரி போன் பண்ணினார். "கிளினிக்ல பேர் பதியப் போனப்போ ரத்தம் எடுத்தாங்கடா. இப்போ டிபி பாசிட்டிவ்னு சொல்றாங்க. திருப்பி அனுப்பிடுவாங்களா?" இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. விசாவுக்காக இங்கேயே எடுத்த எக்ஸ்ரேவும் க்ளியர். அப்புறம் எப்படி?

ரெண்டும் வேற வேற விஷயத்தைத் தேடுற டெஸ்ட்டுன்னு அதுக்கப்புறம் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இந்தியாவிலிருந்து 6 மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் விசாவுக்கு முன்பே எடுக்கும் மார்பு எக்ஸ்ரே, நுரையீரலில் ஏற்கெனவே வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்ட காசநோயைத் தேடுகிறது. ஆனால் கிருமி உள்ளே போன பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை. எதிர்ப்பு செல்கள் அதைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்துவிடும். அடுத்தவருக்கும் பரவாது. இதுதான் உறங்குநிலைத் தொற்று. உலகத்தில் சுமார் கால்வாசிப் பேருக்கு டிபி கிருமி தொற்றியிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பஸ்ஸிலா, ஹாஸ்டலிலா, எங்கே தொற்றியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு அங்கே வரும் டிபியில் பெரும்பகுதி, இப்படித் தூங்கிய கிருமி வந்த சில வருடங்களில் விழித்துக்கொள்வதுதான். அதனால்தான் 2015-லிருந்து இங்கிலாந்தில், டிபி அதிகமுள்ள நாடுகளிலிருந்து கடந்த 5 வருடத்துக்குள் வந்த 16 முதல் 35 வயதுக்காரர்களுக்கு, பல பகுதிகளில் இலவச ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

ஐஜிஆர்ஏ என்ற அந்த டெஸ்ட் கிருமியைத் தேடுவதே இல்லை! ரத்தத்தில் டிபி கிருமியின் சில புரதங்களைக் கலந்து ஒரு ராத்திரி இன்குபேட்டரில் வைக்கிறார்கள். நம்ம டி செல்கள் அவற்றை முன்பே சந்தித்திருந்தால் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும். அதை அளக்கிறார்கள். இந்தப் புரதங்கள் பிசிஜி தடுப்பூசியில் இல்லாததால், பிறந்தப்போ போட்ட ஊசி ரிசல்ட்டைக் குழப்பாது. தோலில் ஊசி போட்டு வீக்கம் பார்க்கிற மாண்டு டெஸ்ட்டில் அந்தக் குழப்பம் உண்டு.

ஆனா இது சர்வர் லாக் மாதிரிதான். யாரோ உள்ளே வந்தான்னு சொல்லும். இப்போ என்ன பண்றான்னு சொல்லாது. பாசிட்டிவ் வந்த நல்ல ஆரோக்கியமான 100 பேரில், மருந்தே எடுக்காவிட்டாலும் 90 பேருக்கு மேல் ஆயுசுக்கும் நோய் வராது. மிச்ச 5, 10 பேர் யார்? இந்த டெஸ்ட்டுக்குத் தெரியாது. அதனால் நோய் இல்லைன்னு மறுபடி உறுதி செய்துகொண்டு, எல்லோருக்குமே மாத்திரை எடுக்கச் சொல்கிறார்கள்: ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் சேர்த்து 3 மாதம், அல்லது ஐசோனியாசிட் மட்டும் 6 மாதம். கல்லீரலைக் கவனிக்கணும், குடிக்கக் கூடாது. நல்லா இருக்கிறவன் எதுக்கு மூணு மாசம் மாத்திரை விழுங்கணும்னு எனக்கும் கடுப்பாத்தான் இருந்தது. ஆனா பரீட்சை நேரத்துல நிஜமான டிபி வந்தா குறைஞ்சது 6 மாத சிகிச்சை. நானா இருந்தா போட்டுக்குவேன்.

விசாவுக்கு ஒண்ணும் ஆகாது. இந்த ரிசல்ட்டுக்கும் குடியேற்ற அந்தஸ்துக்கும் சம்பந்தமே இல்லை. அண்ணா மாத்திரையை ஆரம்பிச்சுட்டார். முதல் நாளே யூரின் ஆரஞ்சு கலர்ல போகுதுன்னு பதறி மறுபடி போன். அது ரிஃபாம்பிசினோட வேலை, பயப்பட ஒண்ணுமில்லை. வீட்டில் மட்டும் வைட்டமின் மாத்திரைன்னு சொல்லி வெச்சிருக்கார். தங்கச்சிக்கு வரன் பார்க்கிறாங்களாம்.