பாடாத சி.டி!

அறந்தாங்கிப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர் எங்க பெரியப்பா. அவர் வீட்டு அலமாரியில், திருப்பி அனுப்ப மறந்த ரெண்டு சி.டி. பாட்டுனு நினைச்சு காலேஜ் கம்ப்யூட்டரில் போட்டா... ம்ஹூம்!

''டேய், அது டி.டி.எஸ்-டா!''

1993-ல் 'ஜுராசிக் பார்க்'கோடு வந்த டெக்னிக். சத்தம் தனியா சி.டி-யில். ஃபிலிம் ஓரத்தில் புள்ளியும் கோடுமா டைம்கோடு. அதைப் படிச்சு, படத்தையும் சத்தத்தையும் பிளேயர் சேர்த்துவைக்கும். பிரின்ட் அறுந்து வெட்டி ஒட்டினாலும் சத்தம் கரெக்டா தாவி வந்து சேர்ந்துக்கும். சி.டி மக்கர் பண்ணினா, ஃபிலிமிலேயே இருக்கும் பழைய ஆப்டிகல் டிராக் காப்பாத்தும். செம மூளைல்ல? (எங்க சிலபஸில் இதெல்லாம் வராது!)

இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது சென்னை ரியல் இமேஜ். 1996-ல் 'கறுப்பு ரோஜா'வில் தமிழுக்கும் வந்தாச்சு. அப்புறம் போஸ்டரில் ஹீரோ பேருக்குச் சமமா டி.டி.எஸ்!

காமெடி என்னன்னா, பின்னாடி க்யூப் டிஜிட்டல் சினிமாவைக் கொண்டுவந்ததும் அதே ரியல் இமேஜ்தான். படம், சத்தம் எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கில். ஃபிலிமே இல்லைன்னா டைம்கோடு எதில் ஓடும்? 2008-ல் டி.டி.எஸ் கம்பெனியே தன் தியேட்டர் பிரிவைக் கழற்றிவிட்டது.

ஃபிலிம் ஒட்டத் தெரிஞ்ச பெரியப்பாவுக்கு, பட்டன் தட்டுற வேலை பிடிக்கலை. இப்போ பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரீசார்ஜ் கடை.

''சி.டி-யைத் தூக்கிப் போட்டுடவா பெரியப்பா?''

''கை வெச்சுப் பாரு!''