கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள்

செனாவாங்கில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்பவரானாலும், தொழிற்பேட்டை ஓரத்தில் பட்டறை வைத்திருப்பவரானாலும் ஒரே குறைதான் சொல்கிறார்கள்: "மின்னஞ்சல் அனுப்புகிறோம், வியாபாரம் வருவதில்லை." அந்த முகவரிகள் எங்கிருந்து வந்தன? கேள்வியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1978 மே 3-ஆம் தேதி கேரி துர்க் என்ற அமெரிக்கக் கணினி விற்பனையாளர், கேட்காதவர்கள் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். புகார் கிளம்பியது. அன்று அதைத் திட்டத்தான் முடிந்தது. இன்று கதை வேறு. பெறுபவர் "ஸ்பேம்" என்ற பொத்தானை அழுத்தினால் ஜிமெயில் அதைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி, இந்தப் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது. ஆயிரம் கடிதத்துக்கு மூன்று பேர்! அதைத் தாண்டினால், உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கும் நல்ல வாடிக்கையாளருக்கும் அது குப்பைப் பெட்டிக்குள்தான் போய் விழும். காசு கொடுத்து வாங்கிய பட்டியல் செய்யும் கெடுதல் இதுதான்.

சட்டமும் இருக்கிறது. நமது 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. விளம்பரம் வேண்டாம் என்று எழுத்து மூலம் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. விவரம் எதற்கு என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும்.

ஆகவே கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். பெயர், மின்னஞ்சல், என்ன வாங்கினார், அனுப்பலாமா என்பதற்கு அவர் கையாலேயே ஓர் அடையாளம். அதிரசம் வாங்கியவருக்குத் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே எழுதுங்கள். தலைப்பில் "சிறப்புச் சலுகை" வேண்டாம். "அதிரசம் முன்பதிவு வெள்ளியோடு முடிகிறது" என்று விஷயத்தைச் சொல்லுங்கள். நம்மவர்கள் பெரிய போஸ்டர் ஒன்றை மட்டும் ஒட்டி அனுப்புகிறார்கள். படம் திறக்காவிட்டால் வெறும் வெள்ளைதான். விலையும் தொலைபேசி எண்ணும் எழுத்திலேயே இருக்கட்டும். மொத்தமாக அனுப்பும் சேவை வழியே போனால், ஜிமெயில் முகவரியை விட்டுச் சொந்த டொமைன் முகவரிக்கு மாறுங்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையை நம்பாதீர்கள். 2021 முதல் ஆப்பிள் மெயில், ஆள் படிக்காமலே படங்களை இறக்கிவிடுகிறது. வந்த ஆர்டரை எண்ணுங்கள். ஓராண்டாக எதுவும் வாங்காதவரிடம் "தொடர்ந்து அனுப்பலாமா?" என்று ஒருமுறை கேளுங்கள். பதில் இல்லையா, பெயரை எடுத்துவிடுங்கள். 600 பேர் 180 ஆகலாம், மனம் கேட்காதுதான். ஆனாலும் எடுத்துவிடுங்கள்.