ஃபோம் உலர் ஈ (தூண்டில்)

ஃபோம் உலர் ஈ என்பது டிரவுட் மீன் பிடிப்பதற்காகத் தூண்டில் முள்ளின் மேல் ஃபோம் துண்டு, நூல், கம்பளி இழை ஆகியவற்றைக் கட்டிச் செய்யப்படும் செயற்கைப் பூச்சி ஆகும். நீர்ப்பரப்பில் மிதக்கும் வகை 'உலர் ஈ' எனவும், நீருக்குள் மூழ்கும் வகை 'ஈர ஈ' எனவும் அழைக்கப்படுகின்றன. பெயரில் ஈ என்று இருந்தாலும் வண்டு, வெட்டுக்கிளி, எறும்பு போன்ற உருவங்களும் இதில் அடங்கும்.

நீலகிரியில் டிரவுட்

டிரவுட் குளிர்ந்த, ஆக்சிசன் மிகுந்த ஓடும் நீரில் வாழும் மீன். இது தமிழ்நாட்டின் இயல்பான மீன் அன்று. 1863-இல் பிரான்சிஸ் டே இதை நீலகிரிக்குக் கொண்டுவர எடுத்த முயற்சி தோல்வியில் முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் வானவில் டிரவுட் இனத்தை இங்கு நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் 1907-இல் மீன் குஞ்சு பொரிப்பகம் நிறுவப்பட்டது.

நீலகிரியின் மேட்டு ஓடைகள் பல புல்வெளிகளுக்கும் சோலைகளுக்கும் நடுவே ஓடுகின்றன. காற்றில் தவறி விழும் வண்டுகளும் வெட்டுக்கிளிகளும் இத்தகைய ஓடைகளில் டிரவுட்டுக்கு உணவாகின்றன. ஃபோம் ஈ இந்த நிலப்பூச்சிகளைப் போலச் செய்வதற்கு ஏற்றது.

மிதக்கும் காரணம்

பழைய முறை உலர் ஈக்களில் சேவலின் விறைப்பான கழுத்திறகு முள்ளைச் சுற்றிக் கட்டப்படும். அவை நீரின் பரப்பு இழுவிசையால் மிதக்கின்றன, ஊறிவிட்டால் மூழ்கும். ஃபோம் அப்படியன்று. கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும் ஈ.வி.ஏ. ஃபோம் தாளில் காற்று தனித்தனியான மூடிய அறைகளில் அடைபட்டுள்ளது. எனவே அதற்குள் நீர் புகாது. நூலை அளவுக்கு மீறி இறுக்கினால் இந்த அறைகள் நசுங்கி மிதப்பாற்றல் குறையும். ஃபோம் அறுந்தும் போகலாம். தளர்வாகக் கட்டினால் உடல் முள்ளைச் சுற்றிச் சுழலும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இறுக்கத்தைக் கை பழகுவதே இத்தொழிலின் முதல் பாடம்.

வண்டு கட்டும் முறை

12 அல்லது 14 ஆம் எண் முள், 2 மி.மீ. தடிப்புள்ள கறுப்பு ஃபோம், மெல்லிய கறுப்பு நூல், கம்பளி இழை, மெல்லிய ரப்பர் இழை, பசை ஆகியவை தேவை.

1. முள்முனையின் எதிர்ச்செதிலைக் குறட்டால் நசுக்கிவிட்டு, முள்ளைப் பிடிகருவியில் பொருத்த வேண்டும்.
2. முள்ளின் கண்ணுக்குச் சற்றுப் பின்னிருந்து வளைவு வரை நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். வெறும் கம்பியில் ஃபோம் வழுக்கும். இந்த நூல் அடுக்கு அதைப் பிடித்துக்கொள்ளும்.
3. சுமார் 4 மி.மீ. அகலப் பட்டையின் ஒரு நுனியைக் கூராக வெட்டி, வளைவுக்கு மேலே கட்ட வேண்டும். மீதிப் பட்டை பின்பக்கம் நீண்டிருக்கும்.
4. கம்பளி இழையை முன்னோக்கிச் சுற்றி வயிற்றுப்பகுதியை அமைக்க வேண்டும். கண்ணருகே சிறிது இடம் விட வேண்டும்.
5. ஃபோம் பட்டையை முதுகின் மேல் முன்னோக்கி மடித்து, முதல் இரண்டு சுற்றுகளைத் தளர்வாகவும் அடுத்தவற்றைப் படிப்படியாக இறுக்கியும் கட்ட வேண்டும்.
6. அதே இடத்தில் இருபுறமும் ரப்பர் இழைகளைக் கால்களாகக் கட்ட வேண்டும்.
7. கண்ணுக்கு முன்னே நீளும் ஃபோமை 2 மி.மீ. விட்டு வெட்டினால் தலை கிடைக்கும். நூலை முடிச்சிட்டு, அடிப்பக்கம் ஒரு துளி பசை இட வேண்டும்.

மீன் கீழிருந்தே பார்க்கிறது. ஆகவே அதற்குத் தெரிவது வயிறும், நீர்ப்பரப்பில் கால்கள் ஏற்படுத்தும் குழிகளும்தான். முதுகில் ஒட்டும் மஞ்சள் துண்டு தூண்டில்காரரின் கண்ணுக்காக மட்டுமே. வயிறு பருத்து, முள்முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியை அடைத்தால் மீன் கடித்தாலும் சிக்காது.

சூழலியல்

தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் மெழுகு போன்ற பளபளப்பான புள்ளிகள் உண்டு. மேலைநாடுகளில் செயற்கை ஈ கட்டுவோர் இவற்றை விரும்பியதால் இப்பறவை பெருமளவில் வேட்டையாடப்பட்டது. இன்று அது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளது. மேற்சொன்ன ஃபோம் வண்டுக்கு எந்த இறகும் தேவையில்லை.

எனினும் ஃபோம் மட்காத பொருள். வெட்டிய துணுக்குகளையும் அறுந்த ஈக்களையும் ஓடையில் விடக்கூடாது. வானவில் டிரவுட்டோ, உலகின் மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இடம்பெற்ற மீன். எனவே அதைப் புதிய ஓடைகளில் விடுவது அங்குள்ள உள்ளூர் உயிரினங்களுக்குக் கேடு விளைவிக்கும். வனப்பகுதி ஓடைகளில் மீன்பிடிக்க உரிய துறையின் அனுமதி தேவை.