இறைபோசோமின் உள்ளமைப்பை இரசாயனம் காட்டிய விதம்

கலங்களிற் புரதம் ஆக்கும் இறைபோசோமில் ஆர்.என்.ஏ. வெறுஞ் சட்டகமே, தொழில் புரிவன புரதங்களே என அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். 'கீதொட்சால்' என்னும் இரசாயனப் பொருளோ, சோடி சேராது தனித்து நிற்கும் குவானீன் மூலத்தையே பற்றும். 1972 இல் அமெரிக்க அறிஞர் ஹரி நொல்லர் பற்றீரிய இறைபோசோமை இதனோடு கலந்தார். ஆர்.என்.ஏ.யிற் சில மூலங்களே மாறின, இறைபோசோமோ தொழிலிழந்தது. அமினோவமிலத்தைக் கொணரும் சிற்றார்.என்.ஏ. முன்னரே பிணைந்திருப்பின் அக்கேடு நேரவில்லை. இதுவன்றோ வியப்பு! தொழிலிடம் ஆர்.என்.ஏ.யிலேயே இருத்தல் கூடும் என்பது புலனாயிற்று.

பின்னர் இருமீதைல் சல்பேற்றும் துணையாயிற்று. மாறிய மூலத்தை அடைந்ததும் படியெடுக்கும் நொதியம் நின்றுவிடும்; நின்ற இடமே மாற்றத்தின் முகவரி. இச்சான்றுகொண்டும், பல்லுயிர்த் தொடர்களை ஒப்பிட்டும், 1542 மூலங்களுடைய ஆர்.என்.ஏ.க்கு வரைந்த சோடிப்படத்தை 2000 ஆம் ஆண்டுப் பளிங்காய்வு பெரிதும் உறுதிப்படுத்தியது.