பூவைக் கண்டு பழத்தை அறிவோம்

மாரி ஓய்ந்து, பெரும்போக நெல் வீடு சேர்ந்த பின்னர், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இனியதொரு காலம் பிறக்கின்றது. வாடைக் காற்று அடங்கிவிட்டது. நிலத்தைக் காய்ச்சும் கச்சான் இன்னும் வீசத் தொடங்கவில்லை. பங்குனிக்கும் வைகாசிக்கும் இடைப்பட்ட இந்நாட்களே நமது இளவேனில். நம் நாட்டு மரங்களிற் பல ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்பன. ஆதலின், குளிர்நாடுகளிற் போல வெறுங்கிளைகள் திடீரெனத் தளிர்க்கும் காட்சியை இங்கே நாம் காண்பதில்லை. நமது வசந்தம் பற்றைக்குள்ளே ஒளிந்திருக்கின்றது. அதைத் தேடித்தான் காணவேண்டும்.

பற்றை! எத்தனை செடிகளை இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டோம்! கிளாவும் பற்றை, காரையும் பற்றை, ஈச்சையும் பற்றை. பெயர் தெரியாத பொருளை வெட்டுவதற்குக் கை கூசுவதில்லை. பழம் தரும் செடியென்று அறிந்தவன் கத்தியை ஓங்குமுன் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பான். ஆகவே இச்செடிகளை அடையாளங் காணும் அறிவு, பழம் தின்பதற்கு மாத்திரமன்றி, அவற்றைக் காப்பதற்கும் வேண்டியதாகின்றது. அவ்வறிவைப் பெறுதற்கு ஏற்ற காலம் அவை பூத்திருக்கும் காலமே.

இங்கிலாந்து நாட்டு வேலிகளிலே, கருமுள் என்று பொருள்படும் பெயருடைய செடியொன்று உண்டு. இலை தோன்றுமுன்னரே அது வெண்ணிறப் பூக்களால் தன்னை மூடிக்கொள்ளும். இலையுதிர் காலத்திற் பழம் பறிக்க விரும்புவோர் வசந்தத்திலேயே அவ்விடத்தைக் குறித்து வைத்துக்கொள்வர். அவ்வழக்கம் நமக்கும் ஏற்றதன்றோ?

முள்ளிடையே ஒரு மல்லிகை

முதலிற் கிளாவைப் பார்ப்போம். சிறுகிளா, பெருங்கிளா என இருவகை உண்டு. ஐந்து இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே முறுக்கிக்கொண்டு விரிந்த வெண்ணிறப் பூ, நட்சத்திர வடிவம், மல்லிகையை ஒத்த மணம். மல்லிகையோ என்று ஐயுறுவோர் ஓர் இலையைக் கிள்ளிப் பார்க்கட்டும். கிளாவாயின் வெண்பால் கசியும். கூரிய முள்ளும் காவல் நிற்கும். மல்லிகைக்குப் பாலுமில்லை, முள்ளுமில்லை. பூ உதிர்ந்து காய் திரண்டு, சிவந்து, பின் கருமை படரும்போது பழமாகும். பழுக்காத காயை உப்பும் கொச்சிக்காயும் கூட்டி உண்பதும், ஊறுகாய் இடுவதும் உண்டு. பெருங்கிளாவில் பெக்ரின் என்னும் பொருள் மிகுந்திருத்தலால், ஜாமும் ஜெலியும் எளிதில் உறைகின்றன.

இங்கே மாணவர்கள் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். கிளா, அலரியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அலரியோ கொடிய நஞ்சு. ஒரே குடும்பத்தில் ஒருவர் விருந்தளிக்க, மற்றவர் உயிர் வாங்குகின்றார். ஆகவே ஓர் அடையாளத்தை மாத்திரம் கொண்டு எதையும் வாயிலிடலாகாது.

காரையும் மருக்காரையும்

பெயரளவில் உடன்பிறந்தவை போலத் தோன்றும் இன்னும் இரு செடிகளைப் பாருங்கள். காரை, மருக்காரை ஆகிய இரண்டும் முட்செடிகளே. இரண்டும் வறண்ட நிலத்தில் வளர்வன. காரையின் பழம் மஞ்சள் நிறமானது. சிறுவர் விரும்பி உண்பது. மருக்காரையின் காயோ வாந்தி எடுப்பிக்கும் மருந்தாக வைத்தியர் கையாண்டது. அதனை நசுக்கி நீரிலிட்டு மீனை மயக்கிப் பிடிப்பதும் உண்டு. இவ்விரண்டையும் பூக்கும் காலத்தில் எளிதிற் பிரித்தறியலாம். காரையின் பூ மிகச் சிறியது. பசுமை கலந்த மஞ்சள் நிறத்தது. இலைக்கக்கத்தில் சிறு கொத்தாக இருப்பது. மருக்காரையின் பூ பெரியது, வெண்மையாக விரிந்து பின்னர் மஞ்சளாக மாறுவது, நறுமணம் உடையது. மணமும் அழகும் மிக்க பூ உண்ணத்தகாத காயைத் தர, கண்ணுக்குத் தோன்றாத சிறு பூ இனிய பழத்தைத் தருகின்றது!

ஆணும் பெண்ணும்

பனையில் ஆண்பனை, பெண்பனை உண்டென்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஈச்சையும் அவ்வாறானதே; வீரையும் அவ்வாறானதே. ஆண் ஈச்சையின் பாளையைத் தட்டினால் மாவைப் போல மகரந்தம் உதிரும். பெண் ஈச்சையின் பாளையிலோ சிறு மணிகள் கோத்தாற்போலப் பூக்கள் இருக்கும். பூக்காத காலத்தில் இரண்டும் ஒன்றே போல் நிற்கும். பழம் தராத செடியென்று ஆண் மரங்களையெல்லாம் வெட்டிவிட்டால், பெண் மரங்களும் மலடாகிவிடும். பூவைக் கவனித்துப் பார்த்தவனே இந்த உண்மையை உணர்வான்.

பற்றைக்கு மேலே நிற்கும் மரங்களையும் மறக்கலாகாது. இளவேனிலில் நாவல் மரத்தடியிற் சென்று செவி கொடுத்தால் தேனீக்களின் ரீங்காரம் கேட்கும். வெண்மை மங்கிய அச்சிறு பூக்களே கச்சான் காலத்தில் நாவை ஊதாவாக்கும் கனிகளாகின்றன. வைகாசி, ஆனி மாதங்களிற் பாலைப்பழம் சந்தைக்கு வரும். தித்திப்பும் பிசினும் கலந்த அம்மஞ்சட் கனியில் மனிதருக்கு மாத்திரமா ஆசை? கரடிக்கும் அதுவே விருந்து. ஆதலின் படுவான்கரைக் காடுகளுக்குள் பிள்ளைகள் தனியே செல்லலாகாது. யானைகளும் நடமாடும் இடங்கள் அவை. பெரியோரின் துணையுடன் வீதியோரத்தையும் வேலியோரத்தையும் பார்ப்பதே போதும். வாவிக் கரையிலுள்ள தில்லையையும் அறிந்து வைத்திருங்கள். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே தீங்கு நேரும்.

ஊரின் பெயரில் ஒரு மரம்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் ஓரமாக ஒரு பயணம் செய்து ஊர்ப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். நாவற்குடா, நாவற்காடு, ஈச்சந்தீவு, பாலையடிவட்டை, புளியந்தீவு, தேற்றாத்தீவு, மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை! மரங்களின் பட்டியலே ஊர்களின் பட்டியலாகிவிட்டது. விபுலாநந்த அடிகளார் 1892ஆம் ஆண்டு பிறந்த காரைதீவு, 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அவ்வூர்ப் பெயரும் காரைச் செடியினால் வந்ததென்பர். காஞ்சிரங்குடா என்னும் பெயரோ ஓர் எச்சரிக்கை. காஞ்சிரை என்பது எட்டி மரம். தோடம்பழம் போல மினுங்கும் அதன் கனியின் விதை கடும் நஞ்சு.

பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக 1880 முதல் 1896 வரை இருந்த ஹென்றி டிரைமென் என்னும் ஆங்கிலேயர், இலங்கைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலொன்றை 1893இல் வெளியிடத் தொடங்கினார். அவர் மறைந்தபின் ஹூக்கர் என்னும் அறிஞர் அதனை 1900இல் ஐந்தாம் தொகுதியுடன் நிறைவு செய்தார். அந்நூலில் சிங்களப் பெயர்களுடன் தமிழ்ப் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. கிளா, காரை, வீரை, பாலை முதலிய பெயர்கள் அவ்வாறு ஏட்டில் ஏறிப் பிழைத்துக்கொண்டன. நமது நாவில் அவை பிழைத்திருக்கின்றனவா என்பதே கேள்வி.

1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் பல வீதிகளின் இருமருங்கும் பாதுகாப்பின் பொருட்டு வெட்டி வெளியாக்கப்பட்டன. பின்னர் வீடுகளும் வீதிகளும் பெருகின. உயிர்வேலிகள் இருந்த இடங்களில் மதில்கள் எழுந்தன. இவற்றுள் வேண்டாதவை எவை என்று வாதிடுவது இங்கே நோக்கமன்று. மக்களுக்கு வீடும் வேண்டும், வீதியும் வேண்டும். ஆனால் வெட்டுமுன் இன்னது வெட்டுகின்றோம் என்று அறிந்திருத்தல் வேண்டும்.

மாணவ மணிகளே, ஒரு சிறு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்ன பூ கண்டேன் என்று எழுதுங்கள். கிளையை ஒடிக்க வேண்டாம். ஒரு பூவைப் பறித்தால் ஒரு பழம் குறையும். அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ சென்று அதன் பெயரைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். இரண்டு மூன்று மாதங்களின் பின் அதே இடத்துக்குச் சென்று, காய்த்ததா, பழுத்ததா, அல்லது செடியே இல்லாமற் போயிற்றா என்று குறியுங்கள். பழம் கிடைத்தால், பெயர் சொல்லித் தந்தவருக்கு முதலிற் கொடுங்கள். விதையைப் பாடசாலை வேலியோரத்தில் ஊன்றுங்கள். நாவற்குடாவில் நாவலும், ஈச்சந்தீவில் ஈச்சையும் அடுத்த தலைமுறைக்கும் பூக்கட்டும்.