குண்டூசியா, குப்பைத் தொட்டியா?

ஆங்கில வகுப்பில் கேட்டல் தேர்வு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலிப்பதிவில் 'பின்' என்று ஒரு சொல் வருகிறது. அது குண்டூசியா, குப்பைத் தொட்டியா? இரண்டையும் தமிழில் எழுதிப் பாருங்கள். ஒரே மாதிரிதான் எழுத முடியும். ஆங்கிலேயருக்கோ அவை இரண்டும் முற்றிலும் வேறான சொற்கள்.

எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதும் மாணவர்கூட இந்த இடத்தில் திணறுவதுண்டு. "எனக்கு இங்கிலீஷ் காதில் ஏறாது" என்று தாமே முடிவு கட்டிவிடுவார்கள். அது அவசர முடிவு. காது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஒலியை வகைப்படுத்துவது மூளையின் வேலை. அந்த மூளை தாய்மொழியின் கணக்குப்படி பழகியிருக்கிறது.

'பருத்தி' என்று சொல்லுங்கள். பிறகு 'கம்பு' என்று சொல்லுங்கள். இரண்டும் நம் கோவில்பட்டிக் கரிசலில் விளைபவைதாம். இரண்டிலும் வருவது பகர வரிசை எழுத்துதான். ஆனால் ஒலி ஒன்றல்ல. குரல்வளையின் மீது விரலை வைத்துக்கொண்டு மீண்டும் சொல்லிப் பாருங்கள். கம்பில் அதிர்வு இடைவிடாமல் இருக்கும். பருத்தியிலோ உதடு திறந்த பிறகுதான் தொடங்கும். தமிழில் இந்த வேறுபாடு சொல்லின் பொருளை மாற்றுவதில்லை. மெல்லெழுத்தை அடுத்து வந்தால் ஒரு விதம், சொல்லுக்கு முதலில் வந்தால் இன்னொரு விதம் என்று தானாகவே அமைந்துவிடுகிறது. ஆகவே மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை.

இப்பழக்கம் எப்போது தொடங்குகிறது? கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு, இந்தியின் 'த', 'ட' ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இயலவில்லை! நமக்குப் பத்தும் பட்டும் ஒருநாளும் குழம்புவதில்லை. ஆங்கிலேயருக்கு அங்கேதான் திண்டாட்டம்.

இனி நம் குண்டூசிக்கு வருவோம். அமெரிக்காவின் லீ லிஸ்கர், ஆர்தர் ஏபிரம்சன் ஆகியோர் 1964-இல் பதினொரு மொழிகளின் ஒலிகளை அளந்தார்கள். அவற்றுள் தமிழும் ஒன்று. உதடு திறந்ததற்கும் குரல் அதிர்வு தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே கணக்கு. ஆங்கிலக் குண்டூசியின் முதல் ஒலியில் அது ஏறத்தாழ 60 மில்லி வினாடி. இந்த இடைவெளியில் ஒரு சிறு மூச்சு 'ஹ்' என்று வெளியேறுகிறது. ஆங்கிலக் குப்பைத் தொட்டியிலோ இடைவெளி பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது. நம் பருத்தியின் 'ப' எங்கே நிற்கிறது? 10 மில்லி வினாடி அளவில்! அதாவது, நம் 'ப' குண்டூசியைவிடக் குப்பைத் தொட்டிக்குத்தான் பக்கத்து வீடு. குழப்பம் வராமல் என்ன செய்யும்?

ஆகையால் ஆங்கிலேயர் குரலில் பதிவான பாடத்தைக் கேட்கும்போது அந்த மூச்சைத் தேடுங்கள். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வாய்க்கு முன் பிடித்துக்கொண்டு, மூச்சைச் சேர்த்து 'ப்ஹின்' என்று சொன்னால் காகிதம் துள்ளும். மூச்சில்லாமல் சொன்னால் அசையாது. (தீப்பெட்டி ஊர்க்காரர்கள் குச்சியைக் கொளுத்தி வைத்துப் பார்க்க ஆசைப்படலாம், காகிதமே போதும்.)

கரிசல் சீமைக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) தெலுங்கு பேசும் மக்கள் இங்கு வந்து குடியேறிய கதையைச் சொல்கிறது. இன்றும் இப்பகுதியில் தெலுங்கு பேசும் வீடுகள் ஏராளம். தெலுங்கில் இவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்தே உண்டு; பொருளும் மாறும். அந்த வீட்டுப் பிள்ளைகளின் மூளை இந்த வேறுபாட்டை ஏற்கெனவே கணக்கில் வைத்திருக்கிறது. அத்தகைய நண்பர் ஒருவரோடு சேர்ந்து பயிற்சி செய்யலாமே!

அடுத்த தொல்லை, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. அச்சில் இருக்கும் இடைவெளி பேச்சில் கிடையாது. 'நாட் அட் ஆல்' என்பது 'நாட்டடால்' என்று வந்து விழும். நாமும் 'வந்தான் என்று சொன்னான்' என்பதை 'வந்தான்னு சொன்னான்' என்றுதானே பேசுகிறோம்? மேலும், குறிலுக்கும் நெடிலுக்கும் உரிய மாத்திரை கொடுத்துப் பழகியவர்கள் நாம். ஆங்கிலமோ அழுத்தம் விழும் அசையை மட்டும் தெளிவாக ஒலித்து மற்றவற்றைப் பாதி விழுங்கிவிடும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதிலிருந்து வரும் 'ஃபடாக்ரஃபி'யைப் பாருங்கள். விலை, நேரம் கேட்கும் கேள்விகளில் 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டும் மாறிப்போவதும் இதனால்தான். இறுதி 'ன்' காதில் விழாமற் போகலாம். எந்த அசை நீண்டது என்று கவனிப்பதே நல்லது.

எல்லா ஒலியும் காதில் விழுந்தால்தான் பொருள் விளங்கும் என்பதும் இல்லை. ரிச்சர்ட் வாரன் என்பவர் 1970-இல் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார். ஒரு வாக்கியப் பதிவில் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லின் நடுவிலுள்ள 'ஸ்' ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றனர்! சுற்றியுள்ள சொற்களைக் கொண்டு மூளையே இட்டு நிரப்பிவிட்டது. தேர்வில் வினாக்களை முன்கூட்டியே படித்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். ரயில் நேரத்தைப் பற்றிய வினா என்று தெரிந்தால், எண்ணுக்காக மூளை காத்திருக்கும். ஒரு சொல் தவறிப்போனால் அதையே நினைத்து நிற்கவும் கூடாது. அதற்குள் மூன்று சொற்கள் ஓடிவிடும்.

பயிற்சிக்கு நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். வானொலியின் ஆங்கிலச் செய்தியோ, எழுத்து வடிவம் கையிலுள்ள பாடப் பகுதியோ, ஒரு நிமிடப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை பொருளுக்காகக் கேளுங்கள். இரண்டாம் முறை கேட்டதை எழுதுங்கள். எழுத்து வடிவம் இருந்தால் அதனோடு ஒப்பிட்டுவிட்டு, தவறிய இடத்தை மட்டும் மீண்டும் கேளுங்கள். இந்த மூன்றாவது வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பயன் முழுவதும் அதில்தான் இருக்கிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டே ராகம் சொல்லப் பழகியவர்கள் உண்டு. காது பழகும் வழி இதுவே.

வகுப்பறையையும் கவனிக்க வேண்டும். 'ஸ்', 'ஃப்' போன்றவை மெல்லிய, உயர் அதிர்வெண் ஒலிகள். மின்விசிறி இரைச்சலிலும் வெறுஞ்சுவரின் எதிரொலியிலும் முதலில் மறைவது இவைதாம். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்கும் கேட்கும் என்று நினைப்பது சரியல்ல. தேர்வன்று பெரிய ஒலிபெருக்கி வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். முன் வரிசையில் அமர்ந்தும், தமிழில் பேசினாலும்கூட, அடிக்கடி 'என்ன, என்ன' என்று கேட்கும் தோழன் யாராவது உண்டா? அவனுக்கு வேண்டியது பயிற்சி அன்று. அரசு மருத்துவமனையில் காதைக் காட்டச் சொல்லுங்கள். காதில் அடைத்திருக்கும் குறும்பிகூடக் காரணமாக இருக்கலாம். அதை மருத்துவர் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்.