வரைபடமும் கோட்டையும்

பழைய வரைபடங்களை ஆராயப் புகும் நாம், அவற்றில் தீட்டியவை யாவும் நிலத்தில் எழுந்தனவா என்று வினவுதல் வேண்டும்.

1717-ஆம் ஆண்டில் ஸர் ராபர்ட் மான்ட்கோமரி என்பார், வட அமெரிக்காவில் ஸவானா, ஆல்ட்டமஹா ஆறுகளுக்கிடையே ‘அஸிலியா’ என்னும் ஆங்கிலக் குடியேற்றத்திற்குத் திட்டம் வகுத்தார். அவர் வெளியிட்ட படத்தில் சதுரம் சதுரமாக நிலங்கள், நடுவே நகரம், சுற்றிலும் அரண்! மூன்றாண்டுக் கெடு கழிந்தும் ஒருவரும் குடியேறவில்லை.

1721-இல், பிரெஞ்சுக்காரரையும் ஸ்பானியரையும் தடுப்பதற்காக, கரோலினாவினர் ஆல்ட்டமஹாக் கரையில் மெய்யாகவே ஒரு மரக்கோட்டை கட்டினர். பகைவரினும் நோயே காவல்வீரரை மிகுதியாக மாய்த்தது. 1727-இல் கோட்டை கைவிடப்பட்டது.

படத்தில் காண்பது ஒருவரது ஆசை. நடந்ததை அறியப் படைக்கணக்கையும் இறந்தோர் பட்டியலையும் நாடுதல் வேண்டும். அவற்றிலும் அந்நிலத்துப் பழங்குடியினரின் குரல் அரிது. அதனைத் தேடுவதும் நம் கடனே.